கேமராவில் எந்த வடிவத்தில் சேமிப்பது? ஜேபெக், ரா, டிஃப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு அமைப்பாக விளக்குவது பல வருடங்களாக எனக்குப் பழக்கம். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பிடிபட்டுவிடும். படத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது என்ற மெனுவுக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள் வரும். அவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. ஜேபெக், ரா, டிஃப், பிஎன்ஜின்னு இத்தனை எதுக்கு? ஒண்ணே ஒண்ணு போதாதா?

ஒரு படம் மூன்று கட்டங்களைக் கடக்கிறது: எடுப்பது, திருத்துவது, கொடுப்பது. எடுக்கும்போது கேமரா பார்த்தது அத்தனையும் வேண்டும். திருத்தும்போது எத்தனை முறை சேமித்தாலும் எதுவும் தேயக் கூடாது. கொடுக்கும்போது கோப்பு சிறியதாகவும் யாருடைய கருவியிலும் திறப்பதாகவும் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே வடிவம் ஒழுங்காகச் செய்வதில்லை. பொதுவாக முதல் வேலைக்கு ரா, நடுவில் டிஃப், கடைசியில் ஜேபெக்.

எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் தகவல் கழியத்தான் போகிறது. அது எப்போது கழிகிறது, கழிப்பது கேமராவா நீங்களா என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான பதில்களின் அடிப்படை.

2. ஜேபெக்ல சேமிக்கும்போது படத்துக்கு உண்மையில் என்ன ஆகுது?

ஜேபெக் 1992-இல் தரப்படுத்தப்பட்டது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. ஜேபெக் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. முதலில் நிற விவரத்தை, பெரும்பாலும், குறைத்துக்கொள்ளும். பிறகு படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மிக நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடும். கழிந்தது கழிந்ததுதான், திரும்பி வராது.

24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் இருந்தால் சுமார் 72 எம்பி. நல்ல தரமுள்ள ஜேபெக்கில் அது 10 எம்பி அளவுக்கு வந்துவிடும். இவ்வளவு கழித்தும் சாதாரணமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பது உண்மையிலேயே பெரிய சாதனை. தெரிய வேண்டுமென்றால் அதிகமாகச் சுருக்கிய ஒரு படத்தில், வானத்தின் பின்னணியில் ஓடும் மின்கம்பியை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கம்பியை ஒட்டி இருபக்கமும் பொடிப் பொடியாக அழுக்கு படிந்தது போல இருக்கும். எட்டுப் பிக்சல் தள்ளி வானம் மறுபடி சுத்தமாகிவிடும்.

3. ரா ஃபைல் ஒரு படமே இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படி?

சரியாகத்தான் சொல்கிறார்கள். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அளக்கும், அதற்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வடிகட்டி இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்ற இந்த அமைப்பை கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் உருவாக்கினார், 1976-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இருப்பது அதுதான்.

ரா கோப்பில் இருப்பது இந்த அளவுகள்தான். அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து விடுபட்ட நிறங்களைக் கணக்கிட்டு, வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சரிசெய்வது) சேர்த்து, கான்ட்ராஸ்ட் கொடுத்தால்தான் படம் கிடைக்கும். ஜேபெக்கில் இந்த வேலையைக் கேமரா நொடிக்குள் முடித்துவிட்டு மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடும். ராவில் மூலம் உங்களிடம் இருக்கும், வேலையும் உங்களுடையது. கோப்புப் பெயரின் வால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: கேனனில் சிஆர்2, சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபியூஜிஃபில்மில் ஆர்ஏஎஃப்.

4. கேமரா திரையில் பளிச்சுன்னு இருந்த படம், கணினியில் ராவைத் திறந்தா மங்கிப் போயிருக்கே. கேமரா கெட்டுப்போச்சா?

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் பொதுவாக ஒரு சிறிய ஜேபெக் ஒளிந்திருக்கும். கேமரா திரையில் நீங்கள் பார்த்தது அதைத்தான். அதில் கம்பெனி தன் ரசனைப்படி கான்ட்ராஸ்ட்டும் கூர்மையும் நிற அழுத்தமும் ஏற்றியிருக்கும். கணினி மென்பொருள் அந்த ஜேபெக்கை ஒரு கணம் காட்டிவிட்டு, மேலே சொன்ன மூல அளவுகளிலிருந்து தன் கணக்குப்படி படத்தைப் புதிதாக உருவாக்கும். பளிச்சென்று வந்து மங்குவது அதனால்தான். மென்பொருளில் உங்கள் கேமராவுக்கு ஏற்ற நிற அமைப்பைத் தேர்ந்தால் பெரும்பாலும் பழைய தோற்றத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

5. 8 பிட், 14 பிட்னு சொல்றீங்க. கண்ணுக்குத் தெரியவா போகுது?

சும்மா பார்க்கும்போது தெரியாது. இருட்டான இடத்தை வெளிச்சமாக்கி இழுக்கும்போது தெரியும். 8 பிட் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ராவில் 4,096, 14 பிட் ராவில் 16,384. ஜேபெக் தன் 256 படிகளைக் கண்ணுக்குத் தேவையான இடத்தில் பார்த்துப் பார்த்துப் பங்கிட்டிருக்கும். அதனால் உள்ளபடியே பார்க்க அது போதும்.

ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரை இரண்டு வடிவத்திலும் சேர்த்து எடுத்தேன். வெளியே வெயில், முகம் இருட்டு. கணினியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து முகத்தை மட்டும் வெளிச்சமாக்கினேன். ஜேபெக்கில் கன்னத்தின் நிழல் திட்டுத் திட்டாகப் பிரிந்தது, தாடிக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகக் கறைகள், தோல் மெழுகு போல ஆகிவிட்டது. ராவில் கொஞ்சம் மணல்மணலாக இருந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்தச் சுருக்கங்கள் ஜேபெக்கிலும் ஒரு காலத்தில் இருந்தவைதான். 'இருட்டுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சுருக்கும்போது கழிக்கப்பட்டவை.

6. அப்ப எப்பவுமே ராவிலதான் எடுக்கணுமா?

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. படத்தைப் பிறகு உட்கார்ந்து திருத்துவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டீர்கள் என்றால் நல்ல தரத்தில் ஜேபெக் எடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆட்டக்களத்திலிருந்து உடனுக்குடன் படம் அனுப்புகிறவர்கள் ஜேபெக்கைத்தான் நம்புகிறார்கள். தொடர்ச்சியாகச் சுடும்போது ரா கேமராவின் உள்நினைவகத்தைச் சீக்கிரம் நிரப்பிவிடும். சரியாகப் பந்து வரும் நேரத்தில் கேமரா நின்றுபோனால் 16,384 படிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் வெளிச்சம் உங்கள் கையில் இல்லாத இடம், மறுபடி கிடைக்காத தருணம், பல விளக்குகள் கலந்து நிறம் குழம்பும் அறை என்றால் ரா எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

7. ரெண்டையும் சேர்த்து எடுக்கிற வசதி இருக்கே, அதைப் போட்டுடலாமா?

தொடங்கும்போது தாராளமாகப் போடுங்கள். கேமரா என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு எந்தக் கோப்பைத் திறக்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஜேபெக்கை மட்டுமே தொடுகிறீர்கள் என்றால் ராவும், ராவை மட்டுமே தொடுகிறீர்கள் என்றால் ஜேபெக்கும் வெறுமனே இடத்தை அடைக்கின்றன.

8. ராவில் எடுத்தா வெளிச்சத்தைத் தப்பா வெச்சு எடுத்தாலும் பின்னாடி சரி பண்ணிக்கலாம்தானே?

ஓரளவுக்குத்தான். வெள்ளைச் சமநிலையை முழுக்க மாற்றலாம், ஏனென்றால் ராவில் அது ஒரு குறிப்பு மட்டுமே, அளவுகளைத் தொடாது. கான்ட்ராஸ்ட், கூர்மை, நிறத் தோற்றம் எல்லாமே அப்படித்தான். ஆனால் குவியம் தவறியதையும் கை ஆடியதையும் எந்த வடிவமும் திருத்தாது. சென்சார் நிரம்பி வழிந்த வெளிச்சமும் அப்படியே. வெயிலில் நிற்கும் கொக்கின் முதுகு முற்றிலும் வெளுத்துவிட்டால் அங்கே இறகு என்ற தகவலே பதிவாகவில்லை. இல்லாததை எங்கிருந்து எடுப்பது?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமும் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வெளுத்த இடத்தைக் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையும் பெரும்பாலான கேமராக்களில் 4-ஆம் பதிலில் சொன்ன உள் ஜேபெக்கை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. எனவே கேமரா வெளுத்துவிட்டது என்று எச்சரிக்கும் இடத்தில் ராவுக்குள் இன்னும் கொஞ்சம் விவரம் மிச்சம் இருக்கலாம். கேமராவின் படத் தோற்றத்தில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து வைத்தால் அந்த ஹிஸ்டோகிராம் உண்மைக்கு நெருங்கும். ரா எடுப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

9. ஜேபெக்கைத் திறந்து திறந்து பார்த்தா தரம் குறையும்னு சொல்றாங்க, நிஜமா?

திறந்து பார்ப்பதால் குறையாது. நகலெடுத்தாலும், வேறு வட்டுக்கு மாற்றினாலும், பெயர் மாற்றினாலும் குறையாது. திருத்திவிட்டு மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் 2-ஆம் பதிலில் சொன்ன சுருக்கல் இன்னொரு தரம் நடக்கும்.

அந்த இழப்பும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதே மென்பொருளில் அதே தரத்தில், எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்பச் சேமித்தால் சில தடவைகளுக்குப் பிறகு பெரிதாக எதுவும் மாறாது. படத்தின் மேலோரத்தையோ இடதோரத்தையோ கொஞ்சம் வெட்டினால் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் எல்லாமே புது இடத்தில் விழும், சேதமும் புதிதாகத் தொடங்கும். நான் ஒரு படத்தில் இடதோரத்தை ஒரு பிக்சல் வெட்டி, நடுத்தரத் தரத்தில் சேமித்து, இதையே 30 தடவை செய்து பார்த்தேன். இலைகளின் நரம்புகள்தான் முதலில் காணாமல் போயின. அப்புறம் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கியது.

இதைவிடப் பெரிய ஆபத்து, சின்னதாக்கிய படத்தை மூலத்தின் மேலேயே சேமித்துவிடுவது. என் பெரியம்மாவின் படம் ஒன்றை அனுப்புவதற்காக 800 பிக்சலுக்குக் குறைத்து, யோசிக்காமல் அதே பெயரில் சேமித்துவிட்டேன். இன்றைக்கு அவருடைய அந்தச் சிரிப்பு 800 பிக்சல் அகலத்தில் மட்டுமே எங்கள் வீட்டில் இருக்கிறது.

10. என்கிட்ட இருக்கிற ஜேபெக்கை டிஃபா மாத்தினா தரம் கூடுமா?

கூடாது, ஆனால் இனிமேல் குறையாது. 20 லிட்டர் குடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அதே ஒரு லிட்டர்தான். ஒரு ஜேபெக்கைப் பல நாள் உட்கார்ந்து திருத்தப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே 16 பிட் டிஃபாக மாற்றிக்கொண்டு அதில் வேலை செய்வது நல்லது.

11. சேமிக்கும்போது தரத்தை 100-இல் வைக்கணுமா?

தேவையில்லை. 90-லிருந்து 100-க்குப் போகும்போது கோப்பு பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும், கண்ணுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நான் கொடுக்கும் படங்களை 90-ஐ ஒட்டியே வைக்கிறேன். ஒரு மென்பொருளின் 90 இன்னொன்றின் 90 கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபோட்டோஷாப்பின் சேமிப்புப் பெட்டியில் அளவே 0 முதல் 12 வரைதான்.

படத்தில் அடர்சிவப்பு எழுத்தோ சிவப்புத் துணியின் ஓரமோ முக்கியமாக இருந்தால் அங்கே பிசிறு தெரிகிறதா என்று பாருங்கள். நிற விவரத்தைக் குறைப்பது முதலில் தெரியும் இடம் அதுதான். நிறக் குறைப்பை நிறுத்தும் வசதி மென்பொருளில் இருந்தால், அதில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

12. டிஃப் எப்ப, பிஎன்ஜி எப்ப? பிஎன்ஜிதான் ஜேபெக்கைவிட உசத்தின்னு கேள்விப்பட்டேன்.

இரண்டுமே எதையும் கழிக்காமல் சேமிக்கக்கூடியவை. டிஃப் 1986-இல் ஆல்டஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. 16 பிட், அடுக்குகள், நிறச் சுயவிவரம் (நிற எண்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) எல்லாவற்றையும் தாங்கும். அதற்கு விலை அளவு. 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃபில் சுருக்காமல் 144 எம்பி. அச்சகத்துக்கோ, வேறொரு மென்பொருளுக்கோ, மேற்கொண்டு திருத்தப்போகும் இன்னொருவருக்கோ கொடுக்க அதுதான் சரி.

பிஎன்ஜி 1996-இல் இணையத்துக்காக வந்தது. திரைப்பிடிப்பு, வரைபடம், எழுத்துள்ள படம், பின்னணி இல்லாத சின்னம் இவற்றில் அதை மிஞ்ச முடியாது. புகைப்படத்துக்கு உசத்தி என்பது பாதி உண்மை. தரம் கழியாது, ஆனால் கோப்பு பல மடங்கு பெரிதாகும், பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது.

13. போன் படங்கள் ஹெச்இஐசின்னு வருது. பெயரை ஜேபிஜின்னு மாத்தினேன், அப்பவும் திறக்கல.

புட்டியின் மேல் சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளே இருப்பது மாறாது. மாற்றும் வசதியுள்ள மென்பொருளில் திறந்து, ஜேபெக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஐபோனில் ஹெச்இஐசி 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் வந்தது. ஏறத்தாழ ஒரே தரத்துக்கு ஜேபெக்கைப் போல் பாதி இடம்தான் எடுக்கும், 8 பிட்டுக்கு மேலும் தாங்கும். வடிவம் என்ற வகையில் நல்லதுதான், பிரச்சினை எல்லா இடத்திலும் திறக்காததுதான். அடிக்கடி மற்றவர்களுக்குக் கொடுப்பவர் என்றால் கேமரா அமைப்புகளில் 'ஃபார்மட்ஸ்' பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

14. போன்ல ரா எடுத்தா பெரிய கேமரா மாதிரி வருமா?

பலருக்கு இதில் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. போன் ஒரு படம் எடுக்கும்போது அடுத்தடுத்துப் பல படங்களைச் சேர்த்துத்தான் அந்தச் சுத்தமான முடிவைத் தருகிறது. வெறும் ரா என்பது அதில் ஒரே ஒரு பதிவு. சின்னச் சென்சாரின் இரைச்சல் (மணல்மணலாகத் தெரியும் புள்ளிகள்) எல்லாம் அப்படியே இருக்கும். ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த புரோரா போன்றவை, பல படங்களைச் சேர்த்த முடிவையே டிஎன்ஜி (16-ஆம் பதிலில் வரும் பொதுவான ரா வடிவம்) கோப்பில் கொடுக்கின்றன. உங்கள் போனில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

15. கேமராவில் ராவுக்குள்ளேயே சுருக்கின ரா, சுருக்காத ரான்னு இருக்கே, எதைப் போட?

இழப்பில்லாமல் சுருக்கும் வகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள். ஒரு பிட் தகவலும் போகாது. 14 பிட்டில் சுருக்காத 24 மெகாபிக்சல் ரா கணக்குப்படி 42 எம்பி. இழப்பில்லாச் சுருக்கம் அதைக் கணிசமாகக் குறைக்கும். இழப்புள்ள சுருக்கமும் சில கேமராக்களில் உண்டு. நிழல்களை வலுவாக இழுக்கும் சமயத்தில், மிகக் கூர்மையான ஓரங்களில் அதன் குறை தெரியக்கூடும், மற்ற நேரத்தில் தெரியாது.

16. இன்னும் 20 வருஷம் கழிச்சு இந்த ரா ஃபைலெல்லாம் திறக்குமா? எல்லாத்தையும் டிஎன்ஜியா மாத்திடலாமா?

பயம் நியாயமானது. கம்பெனி வடிவங்களின் உள்விவரம் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. டிஎன்ஜியை அடோபி 2004-இல் விவரக்குறிப்போடு எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. லைகா, பென்டாக்ஸ், ரிக்கோ கேமராக்கள் பலவற்றில் நேரடியாகவே அதில் எடுக்கலாம்.

ஆனாலும் மாற்றிவிட்டு மூலத்தை அழிப்பதை நான் செய்ய மாட்டேன். கேமரா கம்பெனியின் சொந்த மென்பொருள் தன் மூலக் கோப்பைத்தான் கேட்கும், மாற்றிய டிஎன்ஜியைத் திறக்காமல் போகலாம். இன்னொன்று, பல மென்பொருள்கள் ராவுக்குச் செய்த திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதும். டிஎன்ஜியில் அதே கோப்புக்குள்ளேயே எழுதும். ஒரு நட்சத்திரக் குறி போட்டால்கூட மொத்தக் கோப்பையும் மறுபடி காப்புநகல் எடுக்க வேண்டிவரும். படங்கள் உண்மையில் அழிவது பெரும்பாலும் வட்டு செத்துப்போவதால்தான். முதலில் வேறு வேறு இடங்களில் இரண்டு நகல்கள் வையுங்கள். டிஎன்ஜியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முக்கியமான சில படங்களைத் திருத்தி முடித்த டிஃபாகவும் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

17. எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா?

இரண்டுமே படத்தில் எந்தெந்த நிறங்கள் அடங்கலாம் என்று சொல்லும் வரையறைகள். ரா எடுத்தால் கேமராவின் இந்த அமைப்பு ராவைப் பாதிக்காது, மாற்றும்போது தேர்ந்துகொள்ளலாம். ஜேபெக் எடுத்தால் எஸ்ஆர்ஜிபியில் வைத்துவிடுங்கள். அடோபி ஆர்ஜிபி படத்தை, நிறச் சுயவிவரத்தைக் கவனிக்காத இடத்தில் திறந்தால் எல்லாம் சோகை பிடித்தது போல வெளிறித் தெரியும். பல கேமராக்களில், கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் அது அடோபி ஆர்ஜிபி என்று அர்த்தம்.

18. 72 டிபிஐ இருக்கு, 300-ஆ மாத்திக் கொடுங்கன்னு கேட்கறாங்க. என்ன பண்ண?

டிபிஐ என்பது அச்சில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அந்த எண் கோப்பில் ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. உண்மையில் இருப்பது பிக்சல்கள். 6000-க்கு 4000 பிக்சல் படத்தை 300-க்கு அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும், சீட்டில் 72 என்று எழுதியிருந்தாலும் சரி. கேட்பவருக்காக எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். மாற்றும்போது பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டும் தேர்வை மட்டும் எடுத்துவிடுங்கள்.

19. போட்டிக்கு ரா கேட்கறாங்க, ஏன்? ஜேபெக்தான் நம்பகமானதுன்னும் சிலர் சொல்றாங்களே?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர், வேர்ல்ட் பிரஸ் போட்டோ போன்ற போட்டிகள், இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்டு அனுப்பிய படத்தோடு ஒப்பிடுகின்றன. திருத்தும் மென்பொருள்கள் ராவின் அளவுகளைத் தொடுவதில்லை என்பதால், எதை நீக்கினீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015-இல் வேறு வழியில் போனது. ராவில் எடுத்து மாற்றிய படங்களைத் தங்களுக்கு அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்று ஃப்ரீலான்ஸ் படக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. வேகமும் வேண்டும், அதிகத் திருத்தமும் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் ரா இல்லாமல் போகாதீர்கள். வெறும் ஜேபெக் மட்டும் இருந்தால், திருத்தாத மூல ஜேபெக்கை முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

20. நான் மூணு வருஷமா ஜேபெக்ல மட்டும்தான் எடுத்திருக்கேன். எல்லாம் வீணா?

ஒன்றுகூட வீண் இல்லை. நன்றாக வந்த படம் ஜேபெக்கிலும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று உட்கார்ந்து செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் கோப்புகளைத் தனி அடைவில் போட்டு, அந்த அடைவுக்கு 'படிக்க மட்டும்' என்ற பூட்டைப் போட்டுவிடுங்கள். திருத்த வேண்டுமென்றால் நகலை எடுத்து, 10-ஆம் பதிலில் சொன்னபடி டிஃபாக மாற்றி அதில் திருத்துங்கள். பெரியம்மா படத்துக்குப் பிறகு என் கணினியில் நான் முதலில் செய்தது அந்தப் பூட்டைப் போட்டதுதான்.